மாசித் தேனும் ஆடிச் சர்க்கரையும்

ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, களியல் பக்கம் தை மாதத்தில் வந்து பாருங்கள். ரப்பர் தோட்டம் முழுக்க இலை கொட்டி வெறும் கொம்பாக நிற்கும். சருகு கணுக்கால் வரை கிடக்கும். கொஞ்ச நாளில் செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்தத் தளிர் பச்சைக்கு மாறுகிற நாட்களில் ஓர் இலையைத் தாழ்த்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். ரப்பர் இலை மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். மூன்றும் காம்போடு சேர்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னச் சுரப்பிகள் இருக்கும். அவற்றில் ஒரு சொட்டு மினுங்கிக்கொண்டு நிற்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கும். எங்கள் ஊர்த் தேன் அங்கிருந்துதான் வருகிறது.

இந்த மரம் இந்த மண்ணுக்குரியது இல்லை. அமேசான் காட்டு மரம். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறின. அப்படிப் பரவிய மரம்தான் எங்கள் மலையடிவாரத்துக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் பெட்டிகளில் இருப்பதோ இந்தியத் தேனீ. மரமும் தேனீயும் ஒன்றையொன்று அறியாமல் கடலுக்கு இருபுறமும் வளர்ந்தவை.

பூவில் தேன் சுரந்தால் கணக்குப் புரியும். தேனீ வரும், மகரந்தம் பரவும், காய் பிடிக்கும். இலையில் சுரக்கிற தேனால் மரத்துக்குத் தேனீயிடமிருந்து ஒரு பயனும் இல்லை. இளந்தளிரைத் தின்ன வரும் பூச்சிகளைத் துரத்த எறும்புகளை வரவழைப்பதற்காகத்தான் பல செடிகள் இலையிலும் காம்பிலும் இப்படிச் சுரக்கின்றன என்று தாவரவியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பந்திக்குத் தேனீ அழையாத விருந்தாளி. தேனீயின் வீட்டுக்கு நானும் அப்படித்தான் போகிறேன். எனக்காக யாரும் எடுத்துவைக்காத ஒன்றைக் கொண்டுதான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. இதை நினைக்காமல் நான் ஒரு பெட்டியையும் திறந்ததில்லை.

என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கிற காலத்தில் வெட்டுக்கு ஓய்வு விட்டுவிடுவார்கள். மரத்துக்கு இருக்கிற சத்தெல்லாம் தளிருக்கு வேண்டும் அல்லவா? ஆக, அவருக்குக் கூலி இல்லாத வாரங்கள் அவை. அந்த வாரங்களில்தான் பெட்டியில் தேன் ஏறுகிறது. பால் கொடுத்த மரம் பாலை நிறுத்தியதும் இலை வழியாகத் தேன் கொடுக்கத் தொடங்குகிறது. கல்யாணமாகி வந்த புதிதில் இந்தப் பொருத்தத்தை நான் கவனிக்கவில்லை. மாமியார்தான் ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே, "மரம் நம்மள ஒரு மாசமும் பட்டினி போட்டதில்ல மக்களே" என்றார். அதற்குப் பிறகு, உதிர்ந்து நிற்கும் தோட்டத்தைப் பார்த்தால் எனக்கு வெறுமை தெரிவதில்லை.

தேனீ வளர்ப்பு எனக்கு அப்பா வழியாக வந்தது. அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாய்மாமா. அந்த மாமா கற்றுக்கொண்டது மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தில். ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் 1920-களில் அங்கே ஏழைக் குடும்பங்களுக்குக் கைத்தொழில்கள் கற்றுக்கொடுக்கும் வேலையைத் தொடங்கினார். கோழி வளர்ப்பு, நெசவு இவற்றோடு தேனீயும் இருந்தது. அன்றைக்கு இது திருவிதாங்கூர். 1956-இல்தான் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஹாட்சுக்கும் முன்பே, 1910-களில், திருச்சிப் பக்கம் நியூட்டன் பாதிரியார் இந்தியத் தேனீயின் உடம்புக்கு ஏற்ற சின்னப் பெட்டி ஒன்றைச் செய்து, ஆட்களுக்குப் பழக்கியிருந்தார்.

பெட்டி வருவதற்கு முன் தேன் எடுப்பது எப்படி என்று அப்பாவின் மாமா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மரப்பொந்தைக் கண்டுபிடித்து, தீ காட்டி, அடையை அடியோடு அறுத்து, புழுவும் முட்டையும் சேர்த்துத் துணியில் பிழிவார்கள். கூடு அன்றோடு முடிந்தது. பெட்டி வந்த பிறகு கீழே புழு அறை, மேலே தேன் அறை என்று இரண்டு மாடி ஆனது. கீழ் மாடியில் ராணியும் பிள்ளைகளும். மேல் மாடியில் மிச்சம். மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு குடும்பத்தை அப்படியே விட்டுவிடலாம். நான்கு சட்டத்தையும் ஒரு பலகையையும் வைத்து இப்படி ஒரு நீதியை யாரோ யோசித்திருக்கிறார்களே என்று இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் பக்கவாட்டில் நின்று வாசலைப் பார்க்க வேண்டும். நேர் எதிரே நின்றால் தேனீக்கள் பறக்கும் வழியை மறைப்போம், கொட்டும். அப்பா எனக்கு முதலில் பழக்கியது இப்படி நிற்பதைத்தான். "திறந்தாத்தான் தெரியும்னு நினைக்காத மக்களே. வாசல்லயே பாதி சேதி இருக்கு" என்பார். காலில் மகரந்த உருண்டையோடு பல தேனீக்கள் இறங்கினால் உள்ளே பசித்த புழுக்கள் இருக்கின்றன, ராணி நன்றாக முட்டையிடுகிறாள் என்று அர்த்தம். தென்னம்பாளை விரிந்திருக்கும் காலத்தில் அந்த உருண்டை வெளிர்மஞ்சளாக இருக்கும். வயிறு கனத்து, பலகையில் தொப்பென்று விழுந்து, பிறகு நடந்தே உள்ளே போகிறவை தேன் கொண்டுவருகிறவை. செத்த புழுக்களை இழுத்து வெளியே போட்டிருந்தால் நோயோ அந்துப்பூச்சியோ என்று பார்க்க வேண்டும். பெட்டியின் காலில் எறும்பு ஏறியிருந்தால், கால் நிற்கும் கிண்ணத்தில் தண்ணீர் வற்றிவிட்டது.

வெயில் ஏறியதும் சில தேனீக்கள் வாசலில் வரிசையாக நின்று சிறகால் விசிறும். உள்ளே சூடு தணிய வேண்டும். இந்தியத் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து நின்று விசிறும். இத்தாலியத் தேனீ தலையை வாசலுக்குள் காட்டி நின்று விசிறும். இரண்டையும் வைத்திருப்பவர்களிலும் பலர் இதைப் பார்த்ததில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தப் பெட்டியின் முன் போனாலும் என் கண் அந்தச் சின்னத் தலைகளைத்தான் தேடுகிறது. வெயிலுக்கும் குளவிக்கும் எனக்கும் முகம் காட்டி நின்றுகொண்டு, முதுகுக்குப் பின்னால் இருக்கிற பிள்ளைகளுக்குக் காற்று அனுப்புகின்றன. என் அம்மா எங்களை அப்படித்தான் வளர்த்தாள் என்று தோன்றும். தோன்றியதும் வீட்டுக்குப் போய் அவளோடு சேர்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். பெட்டி வேலை கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை.

மூடியைத் தூக்கும்போது சத்தம் எழக்கூடாது. தேங்காய் நாரைப் பற்றவைத்த புகைப்பானை இரண்டு தடவை அழுத்தினால் போதும். அதிகப் புகை தேனில் ஏறிவிடும். இந்தியத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. அதனால் சட்டங்கள் இறுக ஒட்டியிருக்காது, விரலாலேயே நேராக மேலே தூக்கலாம். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் அறைகளின் அடிவரை போகும். அங்கே முட்டை இருக்கும். மயிரிழைக் கனம், வெள்ளை நிறம். போட்ட முதல் நாள் அது நெட்டுக்குத்தாக நிற்கும். மறுநாள் சாயும். மூன்றாம் நாள் படுத்துவிடும். நிற்கிற முட்டையைப் பார்த்துவிட்டால் ராணியைத் தேடிக் கூட்டைக் கலைக்க வேண்டியதில்லை. நேற்றோ இன்றோ அவள் இந்த அறைக்கு வந்து போயிருக்கிறாள். ஆயிரக்கணக்கான உயிர்களுக்கு நடுவே அவள் நலமாக இருக்கிறாள் என்ற சேதியை அந்த ஒரு முட்டை சொல்லிவிடுகிறது. இத்தனை வருஷம் ஆகியும், நிற்கிற முட்டையைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைந்து கண் கலங்குகிறது. சட்டத்தை இருந்த திசையிலேயே, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிறேன். அப்போது என் கை தானாகவே மெதுவாகிவிடும்.

தேன் எடுப்பதில் எங்கள் வீட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. முக்கால் பங்குக்கு மேல் மெழுகு மூடி போட்ட சட்டத்தை மட்டும்தான் எடுப்போம். மூடாத தேனில் தண்ணீர் கூடுதல், புளித்துவிடும். இலையிலிருந்து நீர்த்துப்போய் வரும் அதைத் தேனீக்கள் இரவெல்லாம் சிறகடித்து வற்றவைக்கின்றன. தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிய பிறகுதான் மூடி போடுகின்றன. மாசி இரவில் பெட்டிகளின் பக்கம் போனால் அந்த இரைச்சலைக் கேட்கலாம். காற்றில் இளந்தளிரின் பச்சை வாசனையும் மெழுகு வாசனையும் கலந்து வரும். என் மகள் பரீட்சைக்குப் படிக்கிற காலம் அது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவில் வந்து உட்காருவாள். "அதுங்களும் முழிச்சிருக்கு, நானும் முழிச்சிருக்கேன்" என்பாள்.

சாயங்காலம், ஜன்னலுக்கு வலை கட்டிய அறைக்குள் வைத்துத்தான் தேன் சுற்றுவோம். வெளியே சுற்றினால் வாசனைக்கு மற்றக் கூட்டுத் தேனீக்கள் வந்து கொள்ளை தொடங்கிவிடும். மெழுகு மூடி சீவுவது அம்மா. கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, ஒரே இழுப்பில் மூடியை மட்டும் எடுப்பாள். அறை உடையாது. டிரம்மைச் சுற்றுவது மகளும் அவள் அப்பாவும். சட்டத்தோடு தப்பி வந்து தேனில் விழுந்துவிட்ட தேனீ எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். அம்மா வேலையை நிறுத்திவிட்டு அதை ஈர்க்கிலால் எடுப்பாள். சும்மா எறிய மாட்டாள். ஒரு பிலா இலையில் வைத்து, மறுநாள் காலையில் பெட்டி வாசலில் கொண்டு வைப்பாள். உயிர் இருந்தால் கூட்டாளிகள் வந்து அதன் மேலிருக்கும் தேனை நக்கிச் சுத்தம் செய்துவிடும். அது நடந்து உள்ளே போவதைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்குக் காப்பி இறங்கும். தேன் வடித்த காலிச் சட்டங்களை அன்று இரவே பெட்டியில் திரும்ப வைத்துவிடுவோம். அடை உடையாமல் இருந்தால் அவை மறுபடி கட்ட வேண்டாம், நேரே நிரப்பத் தொடங்கலாம். மெழுகு கட்டுவது அவற்றுக்கு எவ்வளவு பெரிய செலவு என்று தெரிந்தவர்கள் ஓர் அடையைக்கூட உடைக்கத் துணிய மாட்டார்கள்.

மாசி, பங்குனி, சித்திரை முடியும்போது தேனும் முடியும். வைகாசிக் கடைசியில் மழை பிடித்துக்கொள்ளும். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் எங்கள் பக்கம் சாரல் விடாது. தேனீ பறக்க நேரம் கிடைக்காது, பறந்தாலும் கொண்டுவர ஒன்றும் இருக்காது. தொட்டாற்சுருங்கிப் பூவும் தென்னம்பாளையும் கொஞ்சம் மகரந்தம் தரும், அவ்வளவுதான். இந்தப் பஞ்ச காலத்தில் கூட்டைக் காப்பாற்றுவதுதான் எங்கள் தொழிலின் முக்கால் பங்கு. சந்தையில் தேன் பாட்டிலைப் பார்க்கிறவர்களுக்கு இந்த மாதங்கள் தெரியாது.

சர்க்கரையும் தண்ணீரும் சமமாகக் கலந்து, காய்ச்சி, ஆறவைப்பேன். மேல் அறையில் ஒரு சிரட்டையை வைத்து ஊற்றி, தேனீ மூழ்காமல் நின்று குடிக்க இரண்டு வைக்கோல் துண்டு போடுவேன். பொழுது சாய்ந்த பிறகுதான் வைக்க வேண்டும், பகலில் வைத்தால் கொள்ளை வரும். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, அட்டை கடித்த காலோடு, பெட்டி பெட்டியாக நடப்பேன். வீட்டுக்காரர் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் போவார். இதற்குச் சர்க்கரை வாங்கும் காசு மாசித் தேன் விற்றதில் தனியே எடுத்துவைத்த காசு. மகளுடைய பள்ளிக்கட்டணத்துக்கு எடுத்துவைக்கும் அதே டப்பாவில் அதுவும் இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தேன் காலத்தில் ஒரு வேலைக்காரத் தேனீ வாழ்வது ஒன்றரை மாதம்தான். மாசியில் எனக்குத் தேன் கொண்டுவந்து கொடுத்த தேனீக்களில் ஒன்றுகூட ஆடியில் உயிரோடு இருக்காது. நான் சிரட்டையில் ஊற்றுவதைக் குடிக்கிறவை அவற்றுக்குப் பின்னால் பிறந்தவை. வாங்கினது ஒருவரிடம், கொடுப்பது வேறொருவருக்கு. முதன்முதலில் இது புரிந்தபோது எனக்கு ஒரு தவிப்பு இருந்தது. தந்தவர்களுக்குத் திருப்பித் தரவே முடியாதா என்று. அப்பாவிடம் கேட்டேன். அவர் சிரட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார். "எனக்கு மாமா படிச்சுத் தந்தாரு. மாமாவுக்கு நான் என்ன குடுத்தேன்? ஒண்ணுமில்ல. உனக்குச் சொல்லித்தந்தேன்" என்றார். அதன் பிறகு ஆடிச் சாரலில் நடப்பது எனக்குச் சுமையாகத் தெரியவில்லை. யாருக்குக் கடன்பட்டேனோ அவர்கள் எல்லாரும் எனக்கு முன்னால் இருக்கிற அடுத்த பெட்டிக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறேன்.

கடன் என்று சும்மா சொல்லவில்லை. இன்றைக்கு எங்கள் மாவட்டத்தில் இந்தியத் தேனீ இருப்பதே ஒரு கொடை. 1991, 92 ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு எங்கும் பரவி, பெட்டிகளில் பெரும்பகுதியைக் காலிசெய்தது. புழு வளர்ந்து கூட்டுப்புழு ஆகவேண்டிய நேரத்தில் நீர் நிறைந்த பை ஆகிவிடும். அறையின் மூடியை வேலைக்காரத் தேனீ கடித்துத் திறக்க, உள்ளே புழு தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கும். அப்போது நான் சிறுமி. அப்பா ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பார்ப்பதும், ஒன்றும் பேசாமல் கீழே வைப்பதும் ஞாபகம் இருக்கிறது. மருந்து கிடையாது. ஊரில் பல வீடுகளில் காலிப் பெட்டிகள் விறகாயின. சிலர் கோழி அடைக்க வைத்துக்கொண்டார்கள். பெட்டி அடித்துக்கொடுத்த ஆசாரி வேறு வேலைக்குப் போனார்.

அப்பா பெட்டிகளை எரிக்கவில்லை. கழுவி, வெயிலில் காயவைத்து, பரணில் அடுக்கினார். பிறகு சாயங்காலங்களில் ஆற்றங்கரைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். மேலே பார்த்துக்கொண்டே நடப்பார். நோய்க்குத் தப்பிய கூட்டம் எங்காவது பொந்தில் இருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. ஒரு பழைய அயனிமரத்தின் பொந்தில் கண்டுபிடித்தார். அந்தக் கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றி, பிரித்து, மறுபடி பிரித்து, கேட்டவர்களுக்கும் கொடுத்தார். மற்ற ஊர்களிலும் இப்படித்தான் நடந்தது. நோயைத் தாங்கிய கூட்டங்களின் வம்சத்திலிருந்துதான் இந்தத் தொழில் திரும்ப எழுந்தது. இன்று என் கையில் இருக்கும் ஒவ்வொரு ராணியின் பாட்டியும் அன்று எங்கோ ஒரு இருட்டுப் பொந்தில் சாகாமல் இருந்தவள். அந்த அயனிமரம் இன்னும் நிற்கிறது. அந்த வழியாகப் போனால் வண்டியை நிறுத்தி அதன் அடியைத் தொட்டுவிட்டுத்தான் போவேன்.

அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. முட்டையைப் பார்க்க முடியாது. ஆனால் பெட்டியின் பக்கப்பலகையில் காதை வைத்து, விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டுவார். ராணி இருக்கிற கூடு சட்டென்று ஒரு இரைச்சல் எழுப்பி உடனே அடங்கிவிடும். ராணி இல்லாத கூடு அடங்காது. முனகலாக நீளும். அப்பா கேட்டுவிட்டு, "இவளுக வீட்டுல அம்மா இல்ல" என்பார். திறந்து பார்த்தால் புது முட்டை இருக்காது. நான் அடுத்த பெட்டியிலிருந்து முட்டை உள்ள ஒரு சட்டத்தை எடுத்து வைப்பேன். அதிலிருந்து அவை தங்களுக்கு ஒரு ராணியை வளர்த்துக்கொள்ளும். அப்பாவைக் கைபிடித்துப் பெட்டி பெட்டியாகக் கூட்டிப்போகிற அந்தக் காலை நேரங்கள்தான் எனக்குக் கிடைத்திருக்கிற பெரிய சொத்து. அவர் உள்ளங்கை இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது. வேர் தடுக்குகிற இடத்தில் என் விரலை இறுக்கிப் பிடிப்பார். சின்ன வயதில் அதே இடத்தில் நான் அவர் விரலை இறுக்கியிருக்கிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. கடற்கரை ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்கு ஆள் திரும்பவில்லை. அதற்கு முன்னால் எங்கள் இழப்பைச் சொல்ல வாய் வராது. மலையடிவாரத்தில் ரப்பர் மரங்கள் பாதியில் முறிந்தும் வேரோடு சாய்ந்தும் கிடந்தன. கரண்டு பல நாள் இல்லை. பெட்டிகளுக்குப் போகிற வழி மரத்தால் அடைந்துவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்காரரோடு பால் வெட்டுகிறவர்கள் கோடாலியும் வாளும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கே பிழைப்பு போயிருந்தது. வெட்ட வேண்டிய மரமே விழுந்துவிட்டது. இருந்தும் என் பெட்டிகளுக்கு வழி வெட்டினார்கள். கவிழ்ந்த பெட்டிகளில் அடை உடைந்து, நனைந்த தேனீக்கள் புழுக்களின் மேல் கட்டியாக மூடி நின்றன. பறந்து போயிருக்கலாம், போகவில்லை. உடைந்த அடைகளை வாழைநாரால் சட்டத்தோடு கட்டி நிமிர்த்தி வைத்தோம். மூன்று நான்கு நாளில் அவை அடையை மெழுகால் சட்டத்தோடு ஒட்டிவிட்டு, வாழைநாரைக் கடித்துத் துண்டு துண்டாக வாசலுக்கு வெளியே தள்ளியிருந்தன. அந்த நார்த்துணுக்குகளைப் பார்த்ததும் அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நல்ல அழுகை. கூடு பிழைத்துக்கொண்டது என்று தெரிந்ததால் வந்தது.

பெரிய சம்பவங்கள் எப்போதாவதுதான். மற்ற நாட்களில் எனக்குக் கிடைப்பவை சின்னவை, ஆனால் தினமும் கிடைப்பவை. சித்திரை வெயிலில் கிணற்றுச் சுவரின் பாசியில் தேனீக்கள் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் உறிஞ்சும். துணி துவைக்கிற கல்லில் நாங்கள் ஒரு மூலையை ஈரமாகவே விட்டுவைப்போம். கூட்டம் பிரிந்து பிலா மரத்தில் அடைந்தால், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் "அத்தே, ஒங்க தேனீ எங்க மரத்துல!" என்று ஓடிவந்து சொல்வார்கள். கல் எறிய மாட்டார்கள். மேலத்தோட்டத்தில் வாழை வைத்திருக்கும் தம்பி மருந்து அடிப்பதற்கு முந்தின நாள் ராத்திரி மறக்காமல் போன் பண்ணுவார். "அக்கா, காலைல மருந்து அடிக்கேன். பெட்டிய அடைச்சு வையுங்க" என்பார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் என் பெட்டிகளில் பாதி காலையில் வாசலிலேயே குவிந்து கிடக்கும். அவருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் முதல் சுற்றுத் தேனில் முதல் பாட்டில் அவர் வீட்டுக்குப் போகும். இரண்டாவது, பெட்டி வைக்க இடம் தந்திருக்கிற தோட்டக்காரருக்கு. மூன்றாவது, ஒக்கியில் கோடாலியோடு வந்தவர்களுக்கு, ஒரு வருஷம் ஒரு வீடு என்று முறை வைத்து. விலைக்குப் போவது அதற்குப் பிறகுதான். ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்துவிடும். சர்க்கரை கலந்தது என்று நினைத்துத் திருப்பித் தருகிறவர்கள் உண்டு. பாட்டிலை வெயிலில் வையுங்கள், இளகிவிடும் என்று சொல்லிக் கொடுத்தனுப்புவேன். உறைவது தேனின் சுபாவம்.

போன கார்த்திகையில் திருவட்டார்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தொழில் கற்றுக்கொள்ள வந்தாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வருவாள். கூடு பிரிக்கிற பருவம் அது. நல்ல பலமான கூட்டில் ராணி அறை வேர்க்கடலை போலத் தொங்கும் சட்டத்தை அவளையே தேடி எடுக்கச் சொன்னேன். முதல் தடவை கை நடுங்கியது, பிறகு நின்றுவிட்டது. ஒரு காலிப் பெட்டியில் அந்தச் சட்டத்தோடு புழுச் சட்டம் இரண்டும் மகரந்தச் சட்டம் ஒன்றும் வைத்து, தேனீக்களையும் உள்ளே உதறிவிட்டு, வாசலைப் புல்லால் அடைத்து, இரவு ஆட்டோவில் அவளோடு அனுப்பினோம். அப்பா வாசல் வரை வந்து பெட்டியின் மேல் கை வைத்துவிட்டுப் போனார்.

திறக்கவே கூடாது என்று சொல்லியிருந்தேன். ராணி வெளியே வந்து, பறந்துபோய் இணைசேர்ந்து, திரும்பி முட்டையிடத் தொடங்கும் வரை தொந்தரவு பண்ணக்கூடாது, வாசலை மட்டும் பார் என்று. ஒரு காலையில், நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, போன் வந்தது. பின்னால் அவள் குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, கால்ல மஞ்சளா உருட்டிக்கிட்டு வருது. நிறைய வருது அக்கா!"

"இன்னைக்கு மத்தியானம், வெயில் நல்லா இருக்கும்போது திற. சூரியனுக்கு முதுகு காட்டி நில்லு. நிக்கிற முட்டை இருக்கான்னு மட்டும் பாரு. பார்த்ததும் மூடிரு, ராணியத் தேடாத. மழை இன்னும் ஓயல, சாயங்காலம் சர்க்கரைத் தண்ணி வைக்கிறத நிறுத்தாத. முதல்ல போய்ப் பிள்ளைய எடு."